எதிர் அறையில் ஒரு துணை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மனைவியே நம்பவில்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. ஒற்றை ஷூவோடு மாடிப்படியில் ஓடிவந்த வீரன் நானேதான்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் புது ஆய்வுக்கூடம் முழுக்கக் கண்ணாடி. நடுவில் கூரைவரை திறந்த வெளி, இருபுறமும் எதிரெதிராக அறைகள். நான் மூக்கைச் சொறிந்தால்கூட எதிர் அறைக்குத் தெரியும். இருட்டிய பிறகு உள்ளே ஆள் அசைந்தால் விளக்கு தானாக எரியும். அசையாவிட்டால் அணைந்துவிடும்.

விஷவாயுவோடு வேலை செய்பவர் தனியாக இருக்கக் கூடாது. எதிர் அறையில் ஒரு துணை வேண்டும். அவ்வப்போது ஒருவருக்கொருவர் கை காட்ட வேண்டும். பதில் கை வராவிட்டால் அபாய மணி. என் துணை, கல்லூரி நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பன்.

“நீ வேலையைப் பாரு மச்சான். உன் உசுருக்கு நான் பொறுப்பு.”

அன்று விடுமுறை. கட்டடத்தில் நாங்கள் இருவர் மட்டும். மதியம் முழுக்கக் கை காட்டினேன். பதில் கை வந்துகொண்டே இருந்தது.

மாலை 6.40. இருட்டிவிட்டது. எதிர் அறையில் விளக்கு இல்லை. நாற்காலியில் அவன் வெள்ளைக் கோட்டின் முதுகு மங்கலாகத் தெரிந்தது. தூங்குகிறான் தடியன் என்று நினைத்துக் கை காட்டினேன்.

கை உயர்ந்தது. திரும்பாமலே.

விளக்கு எரியவில்லை...

சற்று நேரத்தில் தொண்டை எரிந்தது. தலை சுற்றியது.

டொக்... டொக்... டொக்...

நிமிர்ந்தேன். வெள்ளைக் கோட்டு எதிர்க் கண்ணாடியை ஒட்டி நின்றது. இரண்டு கைகளாலும் அறைந்தது. பிறகு என் கதவைக் காட்டியது.

அப்போதும் அங்கே இருட்டு.

ஸ்ஸ்ஸ்... என் பின்னால் வாயுக் குழாய் கசிந்துகொண்டிருந்தது.

ஓடினேன். ஒரு ஷூ படியிலேயே கழன்று விழுந்தது.

வெளியே வந்து நண்பனுக்குப் போன் செய்தேன். பின்னணியில் டிவி சத்தம்.

“எங்கடா இருக்க?”

“வீட்ல... கோவிச்சுக்காத மச்சான். மதியமே கிளம்பிட்டேன். கோட்டை நாற்காலில மாட்டிட்டு வந்தேன். நான் இருக்கேன்னு நினைச்சு நீ நிம்மதியா வேலை பார்ப்பல்ல...”

வாயு தொண்டையோடு நின்றது. இது நெஞ்சை அடைத்தது.

மறுநாள் எதிர் அறைக் கண்ணாடியில் ஓர் உள்ளங்கைத் தடம். துப்புரவு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “யாரு தம்பி கையை வச்சது? தேய்ச்சு தேய்ச்சு என் கைதான் தேயுது!”

உள்ளே துடைத்தோம். வெளியே துடைத்தோம். போகவில்லை.

கட்டடப் பொறியாளர் வந்து உற்றுப் பார்த்தார். இருபுறமும் விரலால் தடவினார்.

“இது ரெட்டைக் கண்ணாடி சார். தொழிற்சாலையிலேயே காத்துப் புகாம ஒட்டி அனுப்புறது. தடம்... ரெண்டுக்கும் நடுவுல இருக்கு.”

நண்பன் கையைப் பிடித்துக் கெஞ்சினான். “இனிமே சத்தியமா கூடவே இருக்கேன் மச்சான்.”

“வேண்டாம்டா,” என்றேன். “துணைக்கு ஆள் இருக்கு.”