பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினேன்

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கடலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றபடியே வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்பு கடையில் ஒரு ஆணி செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியிருந்தது, சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததில் எனக்குத் தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள். புண் ஆறாமல் இடது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அதிலிருந்து மாதம் ஒருமுறை செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டாக்டர் என்னைக் கேட்பார். மனைவி பதில் சொல்வாள். நான் தலையாட்டுவேன்.

ஒரு மாதம், அவள் மாத்திரை வரிசைக்குப் போயிருந்த நேரத்தில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மாணவி நான் இருந்த பெஞ்சுக்கு வந்தாள். ரொம்ப நாள் நோயில் இருப்பவர்களுக்குத் தங்கள் மனதில் இருப்பது என்னவென்று தெரிகிறதா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்தாள்.

“இதுல சரி தப்புன்னு ஒண்ணும் கெடையாதுங்க ஐயா. உங்களுக்கு எப்படியோ அப்படி டிக் பண்ணுங்க.”

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஐந்து கட்டம். ‘ஆமாம்’ என்பதில் தொடங்கி ‘இல்லவே இல்லை’ வரை. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். மனம் கலங்கும்போது அது கோபமா, பயமா, துக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்ல வருமா என்று கேட்டிருந்தார்கள். விரலை எடுத்த அன்று மனைவி என்னிடம், “பயமா இருக்கா?” என்று கேட்டாள். “டீ கெடைக்குமா பாரு” என்றேன். எதையும் மறைப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. அப்போது டீ என்பதுதான் மனதில் வந்தது. இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

பக்கத்தில் லால்பேட்டை பாய் ஒருவர். மாதாமாதம் பார்ப்பேன், பேசியதில்லை. அவர் மளமளவென்று டிக் போட்டுக்கொண்டே போனார். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் செய்ததைத்தான் இந்த வயதிலும் செய்தேன். தாளைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, அவருக்கு எந்தக் கட்டமோ எனக்கும் அதே கட்டம் என்று கடைசி வரைக்கும் போட்டு முடித்தேன்.

மாணவி இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கே?”

பாய் என் முகத்தைப் பார்த்தார். “சக்கர வந்தா அப்படித்தாம்மா. மச்சானுக்கும் எனக்கும் ஒடம்பு தனி, மனசு ஒண்ணு” என்று சிரித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னைக் காப்பாற்றினார். அது இன்னும் கூச்சமாக இருந்தது.

அதற்குள் மனைவி மாத்திரைப் பையோடு வந்துவிட்டாள். மாணவி அவளிடம் சந்தோஷமாகச் சொன்னாள்: “அம்மா, ஐயா மனசுல உள்ளத எல்லாம் வீட்ல சொல்லிடறதா போட்டிருக்காங்க. ரொம்ப நல்லது. அப்படிச் சொல்ல முடியாதவங்களத்தான் தனியா உக்கார வெச்சிப் பேசுவோம்.”

“யாரு, இவரா?” மனைவி சிரித்தாள். “எந்த வீட்லன்னு கேளும்மா.”

பாயும் சிரித்தார். அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றது. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“வெரல எடுத்த அன்னிக்கு நான் பாத்ரூம்ல நின்னு அழுதுட்டு வரேன், இவரு டீ கேக்குறாரு. சரி, பயம்னா என்னன்னே தெரியாத மனுஷன்னு நெனச்சிக்கிட்டேன். இப்பப் பாத்தா, மனசு விட்டுப் பேச வேற எடம் இருக்கு போல.”

மாணவியைப் பார்த்துத்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. அவள் அழுதது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. அந்தத் தாள் அப்படியே போனால், அவளிடம் மட்டும்தான் நான் பேசுவதில்லை என்று அவள் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள்.

“அது என்னுது இல்லம்மா” என்றேன். குரல் வெளியே வரவில்லை. திரும்பச் சொன்னேன். “அவரப் பாத்து எழுதிட்டேன்.” இந்த முறை பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

மாணவி கோபப்படவில்லை. “ஏங்க ஐயா?”

“என்ன போடறதுன்னு தெரியல.”

“தெரியலன்னு சொல்றவங்களத்தான் ஐயா நாங்க தேடறோம்” என்று வேறு தாள் எடுத்தாள். “சரி, இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?”

“காது சுடுது. நெஞ்சு அடிக்குது. சுகர் எறங்கிடுச்சோ என்னமோ.”

மனைவி என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “சுகர் இல்லம்மா. வெக்கம்” என்றாள், டாக்டரிடம் சொல்வதுபோல.

புதுத் தாளை முடிக்க வெகுநேரம் ஆனது. பாதி வரிகளுக்கு நடுக்கட்டம்தான். வீட்டில் மனம்விட்டுச் சொல்வேனா என்ற வரியில் ‘இல்லவே இல்லை’ என்று போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் மெல்லக் கேட்டேன். “அன்னிக்கு அழுதத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லி? இன்னொரு டீ வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பீங்க.”

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது.

“அன்னிக்கு எனக்குப் பயமாத்தான் இருந்திருக்கும்னு நெனக்கிறேன்” என்றேன்.

“நெனக்கிறீங்களா?”

“ஆமாம். சரியாத் தெரியல.”

“இதச் சொல்ல ரெண்டு வருஷம் ஆச்சி” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.