தட்டிவிட்டுத் திறப்பவர்

எலிக்கூண்டைத் திறக்கும் முன் அந்த ஆராய்ச்சியாளர் அம்மாள் தட்டி அனுமதி கேட்பாராம். ஆய்வுக்கூடக் காவலாளி சொன்னதாக எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

போய்ப் பார்த்தேன், உண்மைதான். மூடியில் நகத்தால் இரண்டு தட்டு, பிறகே திறக்கிறார். "திடீர்னு திறந்தா பயந்துடும். பயந்த எலிகிட்ட எடுத்த கணக்கு எதுக்கு ஆகும்?" வீட்டில் ஃபிரிட்ஜையும் தட்டிவிட்டே திறக்கிறார் என்பது கணவரின் குறை. "உள்ள முட்டை தூங்குதாம்!"

எலிகளுக்கு மலேரியாவை ஏற்றி, அவற்றின் உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது என்று பார்ப்பது இந்த அம்மாளின் வேலை. வால்நுனியில் ஒரு சொட்டு ரத்தம். கண்ணாடிச் சில்லில் இழுத்து, ஊதாச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கிருமியைத் தேடுவார். எலிகளைக் கொஞ்சுவதில்லை, திட்டுவதுண்டு. "ஏய் சோம்பேறி, வாலைக் காட்டு!"

தேறிய உடம்பு பழைய நோயை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும்? இந்த ஆண்டு அதுதான் கேள்வி. ரத்தத்தில் கொஞ்சம் கிருமி தங்கிவிட்ட எலிகள், மறுபடி ஏற்றியபோது அசரவே இல்லை. மருந்தால் முழுக்கக் குணமாகி, பல மாதம் சும்மா இருந்தவற்றில் சில சுருண்டு படுத்தன.

"பகையாளி பக்கத்துல இருந்தாத்தான் உடம்பு முழிச்சிருக்கும். இல்லேன்னா அசந்துடும்."

அவருடைய தம்பி சிறுவயதில் அடிக்கடி மலேரியாவில் கிடந்தவர். பிறகு கொசுவே இல்லாத குளிர்நாட்டில் நெடுங்காலம் வேலை. போன மாதம், பூட்டிக் கிடந்த பழைய வீட்டைச் செப்பனிடத் தனியாக ஊருக்குப் போனார். கொசுவலையும் கட்டவில்லை, மாத்திரையும் போடவில்லை. நேற்று காய்ச்சல். ஸ்பீக்கரில் பேசியதை நானும் கேட்டேன்.

"எலி டாக்டரம்மா, நானும் மலேரியாவும் பழைய சிநேகிதம். என்னை ஒண்ணும் பண்ணாது."

"டேய், உன் உடம்பு அதை எப்பவோ மறந்திருக்கும்டா. இப்பவே போய் ரத்தம் குடுத்துப் பாரு."

"காலையில போறேன்க்கா." அவருடைய பற்கள் தந்தியடித்தது எங்களுக்கும் கேட்டது.

இன்று மதியம் எலி அறை வாசலில் நின்று தம்பியை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. கைபேசியைக் காதிலிருந்து இறக்கி, அதன் கண்ணாடியில் நகத்தால் மெல்ல இரண்டு தட்டு தட்டினார்.