மேய்ச்சல் சேறு

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் சந்தேகம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஆறு முடிகிற இடத்தில் இருக்கிறது. வயல் வேலை இல்லாத மாதங்களில் ஆற்றோரச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி மீன் பிடிப்போம். கடல் ஓதம் ஏறினால் அந்தச் சேறு தண்ணீருக்குள் போய்விடும். வற்றினால் வெளியே தெரியும். கடலோரச் சேற்றில் நண்டு, நத்தை, சிப்பி என்று எல்லாம் உண்டு. எங்கள் பக்கம் அவை அதிகம் தங்காது. காவிரித் தண்ணீர் வரும்போது நல்ல தண்ணீர், கோடையில் கரிக்கிற உப்பு. இரண்டையும் தாங்குவது புழுதான்.

பார்ப்பவர்களுக்கு அது வெறும் சேறு. ஒரு கொத்து வெட்டிப் புரட்டினால் சிவப்பு நூலாக நெளியும். கருத்து நாறுகிற அடிச்சேற்றில், புழு போன வழி மட்டும் செம்மண் நிறமாக இருக்கும். தின்று கழித்த மண்ணை மேலே இடியாப்பம் பிழிந்தது போலச் சுருள் சுருளாக வைக்கும். புழுவைத் தின்னக் கெளுத்தி வரும். அது புரட்டிய மண்ணை மேய மடவை வரும். நாங்கள் சுருளைப் பார்த்துத்தான் இடம் பிடிப்போம்.

இறால் பண்ணைகள் பெருகிய காலம் அது. ஆட்சி மாறும்போதெல்லாம் பண்ணைக்காரர்கள் காரில் கட்டிய கொடியையும் மாற்றினார்கள். அவர்களில் ஒருவர், இரண்டு கரைச் சேறும் சும்மா கிடக்கிற புறம்போக்கு, தனக்குக் குத்தகைக்கு வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தார். தாசில்தார் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர் தரிசு என்று எழுதிவிட்டால் கோடையில் எங்கள் தெருவில் உலை வைக்க வேறு வழியில்லை.

அதிகாரி கால் வைக்கிற இடம் நன்றாக இருக்க வேண்டும், நாற்றங்காலுக்குப் போடுவது போலப் பரம்புப் பலகை போட்டு மட்டமாக்கி விடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அதை உரக்கச் சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பலகை இழுக்க ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விடிகிற நேரத்து வற்றலில் இரண்டு பேராக இழுத்தோம். சேறு கண்ணாடி போல ஆயிற்று. நின்று ரசித்தோம்.

என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "சுருள் எங்கங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெயில் ஏறுவதற்குள் தாசில்தார் வந்துவிட்டார். கூட வி.ஏ.ஓ. நோட்டோடு நின்றார். "என்னய்யா, கழுவி விட்ட மாதிரி இருக்கு. இதுல என்ன பொழைக்கிறீங்க?" என்றார் தாசில்தார். மீன் வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மீன் தண்ணீரில்தானே இருக்கிறது, தான் நிலத்தைப் பார்க்க வந்தவன் என்றார். நான் ஒரு கொத்து வெட்டிப் புழுவைக் காட்டினேன்.

"புழு எங்க வீட்டுச் சாக்கடையிலயும்தான் இருக்கு."

வி.ஏ.ஓ. பேனாவைத் திறந்தார். மனைவி என் முதுகில் விரலால் குத்தினாள்.

"தப்பு என்னுதுங்க ஐயா," என்றேன். "நான்தான் பலகை போடச் சொன்னேன். ஒரு ஓதம் ஏறி வத்தட்டும். அப்புறம் வந்து பார்த்துட்டு எழுதுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்கரையைப் பார்த்துவிட்டு எப்படியும் இந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

பொழுது சாயும்முன் திரும்பினார். தண்ணீர் அப்போதுதான் இறங்கியிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை சுருள். நடுநடுவே மடவை வாய் வைத்த கீறல்கள். உள்ளான் குருவிகள் ஓடி ஓடிக் கொத்தின. குனிந்து ஒரு சுருளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அடங்கல் கணக்குல இதை என்ன பயிர்னு எழுதுறது?"

"பயிர் வேணாங்க. மேய்ச்சல்னு எழுதுங்க."

"எது மேயுது?"

"மடவைங்க. கீறல் தெரியுது பாருங்க."

அப்படி எழுத இடமில்லை என்று வி.ஏ.ஓ. முனகினார். "குறிப்புல எழுதுய்யா," என்றார் தாசில்தார். வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு வருஷப் பேச்சை இன்றைக்கே பேசித் தீர்த்துவிட்டீர்கள் என்று மனைவி சிரித்தாள்.

எங்கள் கரை பண்ணைக்குப் போகவில்லை. அக்கரையில் குடியிருப்பு இல்லை, கேட்க ஆளும் இல்லை. அது போய்விட்டது. சேற்றை வாரிக் கரை போட்டுக் குளம் வெட்டினார்கள். சில வருஷத்தில் இறாலுக்கு நோய் வந்தது; அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நான் ஏற்கெனவே பேசியவன்தானே, அக்கரைக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மழையில் குளத்துக் கரை உடைந்து, ஓதம் மறுபடி உள்ளே போக ஆரம்பித்தது. அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அங்கே போய் ஒரு கொத்து வெட்டிப் பார்ப்பேன். கருப்புச் சேறு, நாற்றம், வேறொன்றும் இருக்காது. இன்று காலை வெட்டிய கொத்தில் மூன்று புழு இருந்தது. மெல்லியவை, நூலை விடவும் மெல்லியவை. கொத்தை இருந்த மாதிரியே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வைகாசி 9, செவ்வாய்க்கிழமை.