பதினேழாம் அறைக்குப் போட்ட கையெழுத்து

தௌ யுன்ஷெங்கின் காதிலிருந்து முதலில் போனது 'ஸ்' என்ற ஒலி. நாற்பத்து மூன்றாம் வயதில் ஒருநாள் வகுப்பில் ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. அதில் பேசிய ஆங்கிலப் பெண் ஒரு புத்தகம் வாங்கினாளா, பல புத்தகங்கள் வாங்கினாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நாடா பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வருடம் 'ஃப்' போயிற்று. பிறகு சமையலறைக் கெண்டியின் சீழ்க்கை, வீட்டுத் தொலைபேசியின் மணி. ஐம்பது வயதானபோது ஆண்களின் பேச்சு அரைகுறையாகவும், பெண்களின் பேச்சு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோலவும் கேட்டது.

ஃபெங்கெங் வெடி செய்யும் ஊர். ஜியாங்ஷி மாகாணத்தின் மேற்கு மலைகளுக்குள் இருக்கும் அந்த ஊரில் காது மந்தமான ஆண்களுக்குப் பஞ்சமில்லை. தௌ வளர்ந்த வீடு, தொழிற்சாலைக்காரர்கள் புதுச் சரக்கை வெடித்துப் பார்க்கும் மைதானத்துக்கு நேர் எதிரில் இருந்தது. மாகாணத் தலைநகரில் பார்த்த டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எந்த ஊர் என்பதுதான் அது. பதிலைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு, போன செவித்திறன் திரும்பாது, கருவி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். தௌ கருவியை வாங்கி வந்து, அலமாரியில் காலுறைகளுக்கு அடியில் வைத்தார்.

அவர் மாவட்டத்து இரண்டாம் மேல்நிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியர். பதினெட்டு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்பை மட்டுமே நடத்துகிறவர். கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு நூற்றைம்பது மதிப்பெண். அதில் முப்பது, காதால் கேட்டு விடை எழுதும் பகுதிக்கு. அந்த முப்பதை வாங்கிக் கொடுப்பதில் தௌவை மிஞ்ச ஆளில்லை என்று ஊரில் பெயர். காது கேட்காதவன் கேட்கும் பாடம் நடத்துகிறான் என்று தெரிந்தால் அந்தப் பெயர் என்னாவது? வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு வகுப்பே இருக்காது.

ஆகவே அவர் வேறு வழிகள் கண்டுபிடித்தார். பழைய வினாத்தாள்களின் உரையாடல்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். மாணவர்களின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்தார். உதடு தெரியாத இடத்தில் தலையாட்டினார். பத்துக்கு எட்டுமுறை தலையாட்டலே போதுமானதாக இருந்தது.

"கருவிய மாட்டிக்கிட்டுப் போயேன்," என்பாள் மனைவி லியென், அவர் முகத்துக்கு நேராக நின்று. "கண்ணாடி போட்டவன யாராவது சிரிக்கிறாங்களா?"

"இன்னும் ரெண்டு வருஷம். அப்புறம் பாக்கலாம்."

"போன தடவையும் ரெண்டு வருஷம்னுதான் சொன்ன."

அந்த வருடம் அவர் வகுப்பில் காங் யிலின் என்றொரு பெண் இருந்தாள். மலை மேலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அப்பா வெடித்தொழிற்சாலையில் மருந்து கலக்குகிறவர். ஒருமுறை மருந்து பற்றிக்கொண்டதில் இடது கையின் மூன்று விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. யிலினுக்கு இலக்கணம் தண்ணீர் பட்ட பாடு. கேட்கும் பகுதிதான் உதைத்தது. கிராமத்துப் பள்ளியில் ஒலிநாடா ஓட்டவே இல்லை என்பாள். முதல் மாதிரித் தேர்வில் முப்பதுக்குப் பன்னிரண்டு. தௌ அவளுக்கு ஓர் எளிய உபாயம் சொன்னார்: ஒவ்வொரு நாளும் ஒரே உரையாடலை இருபது தடவை கேள், கேட்டதை எழுது, தப்பை நீயே திருத்து. அவள் உணவுக்கூடத்து வரிசையில் நிற்கும்போதும் காதில் ஒலிநாடாக் கருவியின் கம்பியோடுதான் நின்றாள். வசந்த காலத்தில் இருபத்தொன்று வாங்கினாள். மே மாதம் இருபத்தேழு.

"நான்சாங்ல ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகம் சார்," என்று ஒருநாள் சொன்னாள். "படிச்சு முடிச்சு ஆங்கிலம் சொல்லிக் குடுக்கணும். மலைப் பள்ளிக்கூடத்துல."

"அங்க யாரும் போகமாட்டாங்களே."

"அதான் சார், போட்டி இருக்காது," என்று சிரித்தாள்.

ஜூன் ஆறாம் தேதி, தேர்வுக்கு முந்தின நாள், மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஊர் முழுக்க வெடிச் சோதனையை நிறுத்தியிருந்தார்கள். ஆங்கில ஆசிரியர்களிடம் ஆளுக்குப் பத்து அறையைப் பிரித்துக் கொடுத்திருந்தது பள்ளி. அறைக்கு முன்பக்கம் ஓர் ஒலிபெருக்கி, பின்பக்கம் ஒன்று. மாதிரி ஒலிநாடா ஓடும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு, தெளிவாக இருக்கிறது என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலையைத் தட்டிக் கழிக்க தௌவுக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

பதினேழாம் அறைக்கு வந்தபோது, ஒலிபரப்பு அறையில் வேலை பார்க்கும் பான் பின்சுவரில் ஏணி போட்டு நின்றான். முப்பது வயது, தற்காலிக ஊழியன், மனைவி கர்ப்பமாக இருந்தாள். தௌ கடைசி மேசையில் உட்கார்ந்தார். ரயில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று ஓர் ஆண் கேட்க, ஒரு பெண் பதில் சொல்லும் உரையாடல் ஓடியது. இருபது வருடமாக அதே மாதிரி நாடாதான். அவருக்கு அது வார்த்தை பிசகாமல் கேட்டது. கேட்டது காதிலா நினைவிலா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பான் சுவரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னான். முதுகுதான் தெரிந்தது. பேச்சில் 'சார்' என்பது மட்டும் விழுந்தது.

தௌ தலையாட்டினார். முதுகுக்குத் தலையாட்டல் தெரியாதே என்று உறைத்ததும், "ஆமாமா, சரியா இருக்கு," என்றார்.

பான் திரும்பிப் பார்த்தான். ஒரு நிமிடம் தயங்கினான். பிறகு ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். தௌ தாளில் கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு ஆங்கிலத் தேர்வு. வாசலில் பெற்றோர் கூட்டம் குடையோடு நின்றது. யாரோ ஒரு தாய் அதிர்ஷ்டத்துக்காகச் சிவப்பு உடுத்தி வந்து, மழையில் சாயம் இறங்கி, கணுக்கால் வரை சிவப்பாக நின்றாள். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். யிலின் கடைசியாக வந்தாள். அழவில்லை. தௌவின் முன்னால் வந்து, முகத்தை நிமிர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எனக்குப் பின்னாடி இருந்த பெட்டி ஒரே இரைச்சல் சார். எண்ணெய்ல கடுகு பொரியற மாதிரி. ஒண்ணும் புரியல. முதல் அஞ்சு உரையாடல் ஒரு தடவதான ஓடும், அது அப்படியே போச்சு."

"கைய தூக்கினியா?"

"தூக்கினேன். கண்காணிக்கறவங்க கீழ போடுன்னு சைகை காட்டிட்டாங்க. மறுபடி தூக்கினா வெளிய அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

"எந்த ரூம்?"

"பதினேழு. கடைசி வரிசை, மூலை."

மறுநாள் காலை தௌ ஒலிபரப்பு அறைக்குப் போய், பான் முகத்தில் வெளிச்சம் விழும்படி அவனை நிற்க வைத்துக் கேட்டார்.

"அன்னிக்கு ஏணி மேல நின்னு என்கிட்ட என்ன சொன்ன?"

பான் அவரை வினோதமாகப் பார்த்தான். "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? 'பின்னாடி பெட்டி இரையுதே, ஈரம் ஏறியிருக்கு, மாத்திடவா சார்'னு கேட்டேன். நீங்கதான் சரியா இருக்குன்னீங்க. இங்கிலீஷ் வாத்தியாருக்கே சரியா இருந்தா எனக்கென்னன்னு விட்டுட்டேன்."

ஜூன் இருபத்து மூன்றாம் தேதி மதிப்பெண்கள் வந்தன. யிலினுக்கு ஆங்கிலத்தில் நூற்றுப் பத்து. கடைசி மாதிரித் தேர்வுகளில் நூற்று முப்பதுக்குக் குறையாதவள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான குறைந்தபட்சக் கோட்டுக்கு மொத்தத்தில் ஏழு மதிப்பெண் கீழே நின்றாள். அதே அறையில் முன்வரிசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். கடைசி வரிசையில் அவளோடு இருந்த மற்றவர்கள், கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான் என்கிற பையன்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

தௌ துணைத் தலைமையாசிரியர் நியேயிடம் போனார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நியே முழுவதையும் கேட்டுவிட்டு, எழுந்து கதவைச் சாத்தினார்.

"தௌ, கண்காணிப்பாளர் பதிவேட்டுல 'எல்லாம் சரி'ன்னு எழுதியிருக்கு. மார்க் போட்டாச்சு, கோடு போட்டாச்சு. நீ இப்ப போய்ச் சொன்னா அந்தப் பொண்ணுக்கு ஒரு மார்க் ஏறுமா?"

"தெரியல. கேட்டுப் பாக்கணும்."

"நான் சொல்றேன், ஏறாது. உன் வேலை போகும். எனக்கும் ஒண்ணு விழும். ரிட்டயர் ஆக எத்தன வருஷம் இருக்கு உனக்கு?"

"ஒம்பது."

"நூலகத்துக்கு மாத்தித் தரேன். காது வலின்னு எழுதிக் குடு. வகுப்பும் வேணாம், பரீட்சையும் வேணாம். சத்தமே இல்லாத இடம்." நியே அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தௌவுக்குத் தாங்கவில்லை.

ஒரு வாரம் அவர் சாப்பாட்டுக்கு உட்காருவார், மிளகாய் போட்டு வதக்கிய நூடுல்ஸ் ஆறும், எழுந்துவிடுவார். எட்டாம் நாள் லியென் ஒரு தாளையும் பேனாவையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எழுதிடு. எழுதலன்னா நீ செத்துப்போயிடுவ, நான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

மாவட்டத் தேர்வு அலுவலகத்துக்கு எழுதினார். எட்டு வருடமாகக் காது கேட்பதில்லை என்பதையும், பான் எச்சரித்தான் என்பதையும், தப்பு தன்னுடையது மட்டுமே என்பதையும் மறைக்காமல் எழுதினார். பான் எச்சரித்தான் என்ற வரியைச் சேர்த்தது அவன் பெயரைக் காப்பாற்றத்தான்.

ஆகஸ்டில் பதில் வந்தது. மதிப்பெண்கள் இறுதியானவை, மாற்றுவதற்கு விதி இல்லை. தௌவுக்குத் தண்டனைக் குறிப்பு. கற்பிக்கும் பணியிலிருந்து நீக்கி, மாணவர் விடுதிக் காவலுக்கு மாற்றம். நியேவுக்கு எச்சரிக்கை. பானின் பெயரும் இருந்தது: கோளாறு தெரிந்திருந்தும் பதிவு செய்யவில்லை, தற்காலிகப் பணி ரத்து. கோளாறு அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம், தௌவின் கடிதமேதான்.

அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தௌ மலைக்குப் பேருந்து ஏறினார். யிலின் வீட்டு முற்றத்தில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் அப்பா ஒட்டிய விரல்களால் சிகரெட் நீட்டினார், உட்காரச் சொன்னார், தேநீர் ஊற்றினார். தௌ உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா சிகரெட்டை அணைத்தார். எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

யிலின் வாசற்படியில் இருந்தாள். ஒரு பை கட்டி வைத்திருந்தது. தெற்கே துங்குவான் நகரத்தில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் அத்தை மகள் வேலை பார்த்தாள். மறுநாள் அங்கே புறப்படுகிறாள்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு எங்களுக்குத் தெரியும் சார்," என்றாள்.

தௌ தான் தப்பாகப் புரிந்துகொண்டதாக நினைத்தார். "என்ன?"

"மொத்த கிளாசுக்கும் தெரியும். பதினோராவது படிக்கும்போதே மேல் வகுப்புப் பசங்க சொல்லிட்டாங்க. அதான் யாரும் உங்க முதுகுக்குப் பின்னாடி பேசறதில்ல. கேள்வி கேட்டா எழுந்து நின்னு உங்க முகத்தப் பாத்துதான் கேப்போம். புதுசா வந்த பசங்களுக்கும் சொல்லிக் குடுத்துடுவோம். ஆபீஸ்ல யாரும் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம். நல்ல சார், மாத்திடுவாங்கன்னு."

தௌ அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னும் நெருங்கி வந்தார்.

"ஆறாம் தேதி நீங்க ரூம் ரூமா போறதப் பாத்தேன் சார். நூலக ஜன்னல்லேர்ந்து. இவருக்கு எப்படிக் கேக்கும்னு நெனச்சேன். போய் யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். சொல்லல."

"அது உன் தப்பில்லம்மா."

"என் தப்புன்னு நான் எங்க சொன்னேன்?" அவள் குரல் உயர்ந்தது, அவருக்கே கேட்கிற அளவுக்கு உயர்ந்தது. "எங்க எல்லாருக்கும் உங்க மேல பாவமா இருந்துச்சு. உங்களுக்கு எங்க மேல பாவமா இல்லையா சார்?"

"இன்னொரு வருஷம் படிச்சு எழுது. நான் சொல்லித் தரேன்," என்று தௌ ஆரம்பித்தார்.

"தம்பி அடுத்த வருஷம் பத்தாவது," என்றாள். "அப்பா கையால இனிமே மருந்து கலக்க முடியாது." எழுந்து உள்ளே போனாள். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். பின்பக்கத்திலிருந்து அவள் அப்பா திரும்பி வரவே இல்லை. தேநீர் குவளை நிறைந்தபடியே இருந்தது.

இறங்கி வரும் பேருந்தில் தௌ ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து கருவியை எடுத்து மாட்டினார். லியென் பாத்திரம் கழுவும் சத்தம் கண்ணாடி உடைவதுபோல் கேட்டது. கழற்றவில்லை. அன்றிலிருந்து கழற்றியதே இல்லை.

விடுதியில் அவர் வேலை, படுக்கைகளை எண்ணுவது, குழாய்களை மூடுவது, அறைச் சாவிகளைக் காப்பது. பையன்கள் அவரைக் கிழவன் என்றார்கள். அவருக்குக் கேட்காது என்று நினைத்து முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். யிலின் துங்குவானில் இரண்டு வருடம் பொம்மைக் கண் ஒட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத வரும் என்று தெரிந்ததும், வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதும் மேசைக்கு மாற்றினார்களாம். பழைய மாணவன் ஒருவன் வந்து சொன்னான். தொலைபேசியில் பேசும் வேலையை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். அவள் தௌவுக்கு ஒருபோதும் எழுதவில்லை.

பானுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. வெடித்தொழிற்சாலையில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனான். இரண்டு மூன்று முறை தெருவில் எதிர்ப்பட்டபோது தௌவைப் பார்க்காததுபோல் போய்விட்டான். பனிக்காலத்தில் ஒருநாள், சந்தை வாசலில், மோட்டார் சைக்கிளில் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். முன்னால் பெட்ரோல் தொட்டி மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. தௌ போய் அவன் முன்னால் நின்றார்.

"பான். என்னால உன் வேலை போச்சு."

பான் முடிச்சை இறுக்கினான். பிறகு அவர் காதிலிருந்த கருவியைப் பார்த்தான்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"நல்லா கேக்குதா?"

"நல்லா கேக்குது."

பான் என்னவோ சொல்லப்போகிறான் என்று தௌ காத்திருந்தார். எது வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று நின்றார். பான் குழந்தையின் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.