முடியக்கா எழுதிய பரீட்சை

“‘இஃப்’ போட்டுச் சொல்லுங்க. அப்பத்தான் வெட்டுவேன்.”

கத்தரியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் முடியக்கா. கழுத்துவரை துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி. ஈரத்தலையோடு கண்ணாடியைப் பார்த்து யோசிக்கிறார். கடைசியில், “இஃப் யூ கட் மோர், ஐ வில் க்ரை” என்கிறார். இதற்கு மேல் வெட்டினால் அழுதுவிடுவாராம். முடியக்கா அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லி நாக்கில் உருட்டிப் பார்க்கிறார். திருப்தி வந்ததும் கத்தரி இறங்குகிறது.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார். வங்கிப் பெண்மணிக்கு ‘இஃப்’. ஓய்வுபெற்ற பெண் காவலர் ஒருவருக்கு இறந்தகாலம். “அவங்ககிட்டதான் அது நிறைய இருக்கு. திருடன் ஓடினான், நான் பிடிச்சேன், அவன் அழுதான். எல்லாமே முடிஞ்சுபோன கதை.” பத்திரிகையில் வேலை பார்க்கும் எனக்குக் கேள்விகள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் ஆங்கிலத்தில் கேள்வி மட்டுமே கேட்கலாம். பதில் அவருடையது. மறந்துபோய் ஏதாவது கருத்துச் சொன்னால், சீப்பின் பின்பக்கத்தால் தோளில் ஒரு தட்டு விழும். “கேள்வி, கேள்வி. கருத்தெல்லாம் உங்க பேப்பர்ல எழுதிக்குங்க.”

முடி வெட்ட வந்தேனா, பாடம் எடுக்க வந்தேனா என்று கோபித்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் பாதித் தலையோடு எழுந்து போனதுண்டு. முடியக்கா அசரவில்லை. “போகட்டும் விடுங்க. அந்தம்மா ஃப்யூச்சர் டென்ஸ். வருவாங்க.” மறுநாள் வந்தார். பாதித் தலையோடு எத்தனை நாள் இருக்க முடியும்?

அவருடைய கடை ஒரே ஒரு அறை. இரண்டு நாற்காலிகள், அதில் ஒன்றின் ஏற்றி இறக்கும் மிதி பழுது. குட்டையானவர்கள் நல்ல நாற்காலியிலும் உயரமானவர்கள் பழுதானதிலும் உட்கார வேண்டும் என்பது கடைச் சட்டம். தலை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு வானொலி. அதில் ஆங்கிலச் செய்தி மட்டும்தான் ஓடும். பாதி புரியாது, ஆனாலும் புரிந்தவர் போல இடையிடையே தலையாட்டுவார். “புரியலன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாதுல்ல?” என்பார். அந்தச் செய்தி வாசிக்கிறவர் எந்த ஊரில் உட்கார்ந்து வாசிக்கிறாரோ!

முடியக்கா என்பது தெருப்பிள்ளைகள் வைத்த பெயர். அதில் அவருக்குப் பெருமைதான். “பேர்லயே ‘முடி’ இருக்கு. அப்புறம் ‘முடியாது’ன்னு எந்த வாயால சொல்றது?”

பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. அத்தையோடு தொழிலுக்கு வந்தார், கல்யாணமானது, சொந்தக் கடை வைத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த மாமனாரின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். கப்பலிலிருந்து பெட்டிகளைப் பூப்போல இறக்கி வைத்த வலது கை அன்றோடு தொங்கிவிட்டது. பேச்சும் போனது.

வாராவாரம் ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுத்தாள். முடியக்கா கடையைச் சற்றுத் தாமதமாகத் திறந்து, பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொரு விரலாகப் பிரிப்பது, தோளைத் தாங்கிக்கொண்டு முழங்கையை மடக்குவது, வலியா பிடிவாதமா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது. சில மாதங்களில் அந்தக் கை டம்ளரைத் தூக்கியது.

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அந்தப் பொண்ணுகிட்ட மருந்து இல்ல, மெஷின் இல்ல. எல்லாம் கைதான். எனக்கும் கை இருக்கு. நாள் முழுக்க அடுத்தவங்க தலையைத்தான் பிடிச்சிட்டிருக்கு. எங்க தொட்டா கூசும், எங்க தொட்டா தூக்கம் வரும்னு அதுக்குத் தெரியும். மிச்சத்தைக் கத்துக்கிட்டா ஆச்சு.”

பிசியோதெரபி கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. அறிவியல் தாளைச் சென்ற ஆண்டே தேறிவிட்டார். தடுத்தது ஆங்கிலம். “வாசல்ல படுத்திருக்கிற நாய் மாதிரி. வீடு திறந்துதான் கிடக்கு. இது மட்டும் எந்திரிச்சு வழிவிட மாட்டேங்குது.”

அந்த முறை பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். அங்கே ஒரு கட்டுக் கட்டுரைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். முடியக்கா நன்றாகத் தயார் செய்து வைத்திருந்தது ‘ஒரு ரயில் பயணம்’. தேர்வில் கேட்டதோ, ‘மறக்க முடியாத ஒரு சாப்பாடு’. “என்ன பண்றது? ரயிலேறிப் போய்ச் சாப்பிட்டேன்னு எழுதினேன். ஜன்னல், மரம், மலை, குகை எல்லாம் வந்துடுச்சு. சாப்பாடு வர்றதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க.”

தோற்றதும் பயிற்சி ஆசிரியர், “இந்த வயசுல மனப்பாடம் வராதும்மா” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

“வந்துச்சு சார். அதான் பிரச்சினையே.”

இந்த ஆண்டு வகுப்புக்குப் போகவில்லை. கல்லூரியின் வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டும் கணவருக்குக் கவலை. மனைவி மறுபடி தோற்று முகம் வாடுவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை. ஒரு மாலை கடைக்கு வந்து ரொட்டிப் பொட்டலத்தை வைத்தவர், நான் இருப்பதையும் பொருட்படுத்தாமல் கேட்டார்: “கடை நல்லாத்தானே போகுது? இதெல்லாம் எதுக்கு?”

“கடை போகுது. நான்தான் போகல” என்றார் முடியக்கா, தரையைப் பெருக்கியபடி. கணவர் துடைப்பத்தை வாங்கி மிச்சத்தைப் பெருக்கிவிட்டுப் போனார்.

வாடிக்கையாளர்களிடம் பயின்றது போக, நிஜமான பயிற்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. மாமனாருக்குப் பேச்சு திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பொருள் தெரியும், பெயர் வராது. மேசையில் ஏதாவது ஒன்றை வைத்து அவர் தமிழில் சொல்ல வேண்டும், மருமகள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று போட்டி வைத்துக்கொண்டார்கள். யாருக்கு முதலில் வருகிறதோ அவர் கட்சி ஜெயித்ததாகக் கணக்கு. நான் ஒருமுறை அங்கே போயிருந்தபோது மேசைமேல் ஒரு கரண்டி கிடந்தது. இருவரும் அதை எதிரியைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வரலன்னா நிக்காதீங்க மாமா. சுத்திப் போங்க” என்றார் முடியக்கா.

மாமனார் உதட்டைக் கடித்தார். “சோத்தை... வாய்க்கு... கொண்டுபோற... இரும்புக் கை.”

“ஆங்! அதேதான். ஜெயிச்சுட்டீங்க.”

அவர் இடது கையால் மேசையைத் தட்டிச் சிரித்தார். தோற்றவர் தேநீர் போட வேண்டும் என்பது விதி. முடியக்கா எழுந்து போனார்.

பரீட்சை நெருங்கிய சமயத்தில் மாமனாருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது, சேர்த்து வைத்திருந்த சொற்களில் பலவற்றையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அவர் மேசைக்கு வர மறுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரம் நான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். வானொலி அணைத்திருந்தது. நான் வழக்கம்போல ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன். “இன்னிக்கு வேணாங்க” என்றார் முடியக்கா, கத்தரியை நிறுத்தாமல். “தனியா பேசிப் பார்த்தேன். என் குரலே எனக்கு யாரோ மாதிரி இருக்கு. மாமாவுக்குப் பேச்சு கொஞ்சமாச்சும் திரும்பி வரட்டும்.”

சில நாள் கழித்து, காலையில் முடியக்கா முகம் கழுவிவிட்டு வந்தபோது மேசை நடுவில் மாமனாரின் பழைய செருப்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. எதிரே மாமனார். படுக்கையிலிருந்து தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். செருப்பை மருமகள் பக்கம் தள்ளினார்.

“சொல்லு.”

“சாப்பிடற மேசையில செருப்பா மாமா?”

“சொல்... லு!”

“ஸ்லிப்பர்” என்றார் முடியக்கா. அதற்குள் கண் நிறைந்துவிட்டதாம். மாமனார் அதைக் கண்டுகொள்ளவில்லை. வெகுநேரம் வாயைத் திறந்து மூடினார். “கால்... சட்டை” என்றார். அது அவருக்கே சரியாகப் படவில்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். இதைச் சொன்ன அன்று கடையில் வானொலி மறுபடி ஓடியது.

பரீட்சை முடிந்த வாரம் கடையில் கூட்டம் அதிகம். முடி வெட்ட வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் வந்திருந்தார்கள். முடியக்கா ஆங்கிலப் பேச்சுத் தேர்வைச் சீப்பும் கையுமாக நடித்தே காட்டினார். கேள்வி கேட்டவர்கள் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், இளைஞர் ஒருவர். மேசையில் ஒரு படத்தை வைத்து விவரிக்கச் சொன்னார்கள். விளையாட்டு மைதானம், ஒருவன் கீழே உட்கார்ந்து வலியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

“எல்லாம் சொல்லிட்டேன். புல்லு, பந்து, பின்னாடி நிக்கிற பொம்பளைக்கு முடி வெட்டினவங்க சரியா வெட்டலங்கிறது வரைக்கும் சொல்லிட்டேன். மணிக்கட்டுக்கு மட்டும் இங்கிலீஷ் வரல. நாக்கு நுனியில நிக்குது, இறங்க மாட்டேங்குது. போன வருஷமா இருந்தா அங்கேயே செத்திருப்பேன். இப்ப சுத்திப் போனேன். ‘தி நெக் ஆஃப் தி ஹேண்ட்’னுட்டேன்.”

கையின் கழுத்து! கடையே சிரித்தது. அந்தக் கண்ணாடி அம்மாவும் தன் மணிக்கட்டை ஒருதரம் பார்த்துக்கொண்டாராம்.

அடுத்து இளைஞர், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். வந்தவர்கள் அத்தனை பேரும் மக்களுக்குச் சேவை செய்ய என்று சொல்லியிருப்பார்கள். முடியக்கா சொன்னது: “பிகாஸ் மை ஃபாதர்-இன்-லா இஸ் வெரி பேட் பேஷன்ட்.” மாமனார் மகா மோசமான நோயாளி என்று ஆரம்பித்து, பிரஷ் விழுந்தது, டம்ளர் எழுந்தது, செருப்பு மேசைக்கு வந்தது எல்லாவற்றையும் சொன்னார். நேரம் முடிந்துவிட்டது என்று இளைஞர் கடிகாரத்தைக் காட்ட, “இருங்க, முடிக்கட்டும்” என்று அந்த அம்மா தடுத்திருக்கிறார்.

“‘வெரி பேட்’டுக்கு முன்னாடி ஒரு ‘எ’ வரணும்” என்றார் ஓய்வுபெற்ற காவலர், கைதியை நிறுத்தி வைத்த தோரணையில்.

“வரணும்தான். வரல. அடுத்த தடவை வரும்.”

“எழுத்துத் தேர்வு?” என்று கேட்டேன். நான் கேள்விதானே கேட்கலாம்.

“உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு இடம்னு கேட்டாங்க. இந்த நாற்காலியை எழுதினேன். மிதி பழுதானது உட்பட. தப்பு இருக்கும், எக்கச்சக்கமா இருக்கும். ஆனா எல்லாம் என் சொந்தத் தப்பு. போன வருஷம் பண்ணினது அடுத்தவன் தப்பு. அதுக்குப் போய் மார்க் குறைச்சா மனசு வலிக்காதா?”

தேர்ச்சி பற்றி அவருக்குச் சந்தேகமே இருந்ததாகத் தெரியவில்லை. கல்லூரிக்குப் போனால் கடையை மாலையில் மட்டும் திறப்பது, காலை நேரத்துக்கு அத்தை மகளை உட்காரவைப்பது என்று திட்டமெல்லாம் தயாராக இருந்தது. வாசலில் புதிய நேரத்தை எழுதிய அட்டையும் மாட்டியாயிற்று. “முடிவு வரட்டுமே” என்று கணவர் கெஞ்சியும் கழற்றவில்லை.

முடிவு வந்த அன்று பழுதான நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பின்னங்கழுத்தில் பாதி வேலை முடிந்திருந்தது. அலமாரியிலிருந்த கைப்பேசி இருமுறை அதிர்ந்தது. முடியக்கா கத்தரியை இடுப்புப் பையில் செருகிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் படித்தார். கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். படிக்க வேண்டியது ஒரே வரியாகத்தான் இருந்திருக்கும். அதற்கு இவ்வளவு நேரமா?

“என்னாச்சு?” என்றேன். ஆங்கிலம் எனக்கே மறந்துவிட்டது.

“எழுத்துல தட்டுத்தடுமாறித் தேறியிருக்கேன். பேச்சுல நல்ல மார்க். இடம் கிடைச்சாச்சு.” கடைக்கு வந்த தண்ணீர்க் கேன் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். மாமனாருக்கும் கணவருக்கும் செய்தியை அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பழைய இடத்தில் வைத்தார். நான் துள்ளி எழப் பார்த்தேன். அதற்குள் தலைமேல் இரண்டு விரல்கள் வந்து அழுத்தின.

“ஆடாதீங்க. இன்னும் பாதி இருக்கு. தலையைக் குனிங்க.”

குனிந்தேன். கத்தரி அவசரமில்லாமல், எப்போதும்போலச் சீராகக் கழுத்தோரம் நகர்ந்தது. எனக்குத் தெரிந்தது தரை மட்டும். உதிர்ந்து கிடந்த என் முடி, அதன் நடுவே அவருடைய வெறுங்கால்கள். செருப்பை எப்போது கழற்றினாரோ தெரியாது. குதிகால்கள் மெல்லத் தரையை விட்டு எழும்பின, இறங்கின, மறுபடி எழும்பின. மேலே கை இம்மியும் அசையவில்லை.