பனியன் வேஸ்ட் குல்லா

எனக்குக் கை முந்தும், புத்தி பின்னால் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னிடம் அடி வாங்கியவர்கள். அடி வாங்காத இரண்டு பேர் என் மனைவியும் என் மகளும்.

மனைவிக்கு மார்பில் கேன்சர் என்று தெரிந்தபோது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆபரேஷன் ஆகி, மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் தலையில் கை வைத்தால் கையோடு முடி வந்தது. இடுப்பு வரை இருந்த முடி. பாத்ரூமில் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி நின்றது.

"மொத்தமா எடுத்துடுய்யா. கொத்துக் கொத்தா போறத பாக்க முடியல" என்றாள்.

நானே பிளேடு பிடித்தேன். லேத்தில் இரும்பைப் பிசகாமல் கடைகிற கை, அவள் தலையில் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டது. காதோரம் ரத்தம் இறங்கியது. அவள் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள். நான்தான் கண்ணாடியைச் சுவரில் அடித்து நொறுக்கினேன்.

மகள் அப்போது எட்டாவது படித்தாள். கேன்சர் என்றால் சாவு என்பதுதான் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அர்த்தம். "பாப்பாவுக்குத் தெரியவே கூடாது. வயித்துல கட்டி இருந்துச்சு, எடுத்தாச்சு, வேண்டுதலுக்குத் திருப்பதில முடி குடுத்தேன்னு ஊருக்கே சொல்லிடு" என்றாள் மனைவி. அருமையான பொய். மொட்டை அடித்தவளை எங்கள் பக்கம் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள், எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள்.

ஒன்றை மறந்துவிட்டோம். எதிர் வீட்டுக்காரம்மா வந்து, "லட்டு எங்க?" என்று கையை நீட்டினாள். அடக் கடவுளே! தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடி, ஸ்வீட் ஸ்டாலில் பூந்தி லட்டு வாங்கிவந்து, உதிர்த்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்கள். மகள் மட்டும், "இதுல கல்கண்டே இல்லியேப்பா" என்றாள். பெருமாள் என்னை மன்னிக்கட்டும்.

மொட்டைக்கு விக் விசாரித்தேன். நாடகக்காரர்களுக்கு விற்கிற கடையில் என் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டான். அதைத் தலையில் வைத்துப் பார்த்தவள், கோந்து நாற்றம் தாங்காமல் கடை வாசலிலேயே வாந்தி எடுத்தாள். சேலைத் தலைப்பு வழுக்கி வழுக்கி விழுந்தது. டர்க்கி டவல் மே மாத வெயிலில் அவளை வேகவைத்தது.

நான் வேலை பார்த்தது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையில். மிஷினில் எண்ணெய் துடைக்க பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வரும். திருப்பூர் கம்பெனிகள் கழித்துப்போட்ட துண்டுத் துணி. எண்ணெய்க்குப் போகிற அந்தக் குப்பையில் பூ மாதிரிப் புதுத் துணியும் கிடக்கும். நல்லதாகப் பொறுக்கி டிபன் பையில் திணித்தேன். ஸ்டோர்க்காரன் பிடித்துவிட்டான். "திருட்டுப் பயலே" என்றான். மூக்கில் ஒரு குத்து விட்டேன். பிறகு விஷயம் தெரிந்து, மூக்கில் பஞ்சோடு அவனே ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தான். "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

அவள் அதில் குல்லா தைத்தாள். அகலமாக வெட்டி, ஒரு முனையை நூல் கோத்துச் சுருக்குவாள். தையல் உள்ளே இருந்தால் தலைத் தோலை அறுக்கும் என்று வெளிப்பக்கம் வைப்பாள். மெரூன், பச்சை, வெள்ளை என்று பத்துப் பதினைந்து. உதிர்ந்துபோன புருவத்தைக் கண்மையால் வரைந்துகொள்வாள்.

ஆனால் திருப்பதி மொட்டை வளர வேண்டுமே! ரத்தம் குறைவு என்று தள்ளித் தள்ளி மருந்து ஏற்றியதில் ஆறு மாதமாகியும் ஒரு முடி முளைக்கவில்லை. தெரு கணக்குப் போட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மகள் வயசுக்கு வந்தாள்.

"அவ கல்யாணத்துக்கு நான் இருப்பேனோ மாட்டேனோ. இந்த விசேஷத்துல என் கையால நலங்கு வெக்கணும். அது முடியிற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது" என்றாள் மனைவி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டோம். மகள் மனையில் உட்கார்ந்திருந்தாள். மனைவி மெரூன் குல்லாவும் பட்டுச் சேலையுமாகச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். என் அண்ணி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, காதில் ஏதோ சொன்னாள். மனைவி கிண்ணத்தை அவளிடமே கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

"இன்னா சொன்னீங்க அண்ணி?" என்றேன்.

"நான் இன்னா தப்பா சொன்னேன்? மொட்டத் தலையோட நலங்கு வெச்சா பொண்ணுக்கு ஆவாதுன்னேன். திருப்பதில குடுத்த முடி இன்னுமா மொளைக்காம கீது?"

"விடுய்யா, பரவால்ல" என்றாள் மனைவி. என் காதில் விழுந்தது. விழுந்தும் விடவில்லை. நடுவில் வந்த அண்ணனின் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினேன். அவன் என்னைப் பந்தல் காலில் மோதத் தள்ளினான். என் நெற்றி கிழிந்தது. சீர்வரிசைத் தட்டுகள் உருண்டன. பிரித்துவிட ஓடிவந்த மனைவியை என் முழங்கை இடித்து, குல்லா சேற்றில் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வெறி ஏறிவிட்டது.

"திருப்பதியாவது மண்ணாங்கட்டியாவது! கேன்சர்டா அவளுக்கு, கேன்சர்!" என்று கத்தினேன்.

மனையிலிருந்து மகள் எழுந்தாள். அம்மாவின் தலையைப் பார்த்தாள். "செத்துடுவியாம்மா?" என்று கேட்டாள்.

மனைவி வெறும் தலையோடு போய் மகளைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தாள். சந்தனத்தை எடுத்து இரண்டு கன்னத்திலும் தடவினாள். கண்ணீரில் சந்தனம் கரைந்து வழிய வழிய மறுபடியும் தடவினாள். அண்ணி உட்பட யாரும் தடுக்கவில்லை.

பிறகு என்னிடம் வந்தாள். என் நெற்றி ரத்தத்தைத் தன் பட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி என் காதுலதான்யா சொன்னாங்க. என் பொண்ணு காதுல சொன்னது நீதான்."