கோயிலுக்கு வந்த நீல டிரம்

இன்று காலை புக்கிட் காத்தில் என்ற எங்கள் ஊர்க் கோயில் வாசலில் இரண்டு நீல டிரம் வந்து இறங்கின.

மஞ்சள் நீராட்டுக்காம். யாரோ உபயமாம்.

"எங்கேருந்துப்பா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஏதோ கம்பெனி டிரம் தாத்தா. சும்மா குடுத்தாங்க. நல்லா கழுவியாச்சு லா," என்றான் கோயில் செயலாளர் குமார்.

கழுவியாச்சு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. கோபத்தில் நான் சொல்லும் சில வார்த்தைகளை மட்டும் எழுத மாட்டேன் என்கிறது. மானமுள்ள போன்.)

தொண்ணூறுகளில் நான் அலோர் காஜா பக்கம் ஒரு எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கேயும் அம்மன் திருவிழா உண்டு. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுவார்கள். பிள்ளைகளுக்கு முறையாவது ஒன்றாவது, கிடைத்தவன் தலையில் கவிழ்ப்பார்கள்.

அந்த வருஷம் லோரி முதலாளி ஒருவர் கோயிலுக்கு நீல டிரம் கொடுத்தார். நம்ம ஆள்தான். பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கு லோரி ஓட்டியவர்.

நாங்கள் அவருக்கு மாலை போட்டோம். பரிவட்டம் கட்டினோம். (அதை நினைத்தால் இப்போதும் கை அரிக்கிறது.)

டிரம் அடியில் வெள்ளையாக ஏதோ கெட்டியாகப் பிடித்திருந்தது.

"அது சோப்புண்ணே. ஒண்ணும் செய்யாது," என்றார்.

தொட்டால் வழவழவென்று சோப்பு மாதிரியேதான் இருந்தது. ஒரு அலசு அலசிவிட்டுத் தண்ணீர் பிடித்தோம்.

என் மனைவி பொன்னம்மா மஞ்சள் தூளைக் கொட்டிக் கட்டையால் கலக்கினாள்.

தண்ணீர் மஞ்சளாகவில்லை. செக்கச் செவேலென்று ஆனது.

"ஆத்தா குங்குமமா வந்துட்டாடி!" என்று ஒருத்தி சாமியாடத் தொடங்கினாள். குலவைச் சத்தம். முதல் தண்ணீர் தங்கள் பிள்ளை தலையில்தான் விழவேண்டும் என்று ஆளாளுக்குப் பிள்ளைகளை முன்னால் தள்ளினார்கள்.

அந்த நேரத்தில்தான் அரசாங்க ஜீப் வந்தது.

இறங்கியவர் ஒரு தமிழ்ப் பெண், தேவி. தொழிற்சாலைகளின் விஷக் கழிவு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். எங்கள் ஓடையோரம் யாரோ டிரம்களைக் கொட்டியிருப்பதாகத் தகவல் வந்து பார்க்க வந்தவர், கோயிலில் அதே மாதிரி டிரம் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"யாரும் தொடாதீங்க. பிள்ளைங்கள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க."

கோயில் தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "மிஸ், இது சாமி காரியம். கவர்மெண்டு இதுல தலையிடக் கூடாது."

"அண்ணே, ஆரத்தி எப்படிக் கரைப்பீங்க?"

"இது என்னா கேள்வி? மஞ்சளும் சுண்ணாம்பும்."

"இதுல யாரு சுண்ணாம்பு போட்டா?"

யாரும் போடவில்லை. குலவை நின்றது.

"சுண்ணாம்பு மாதிரியே காரம், ஆனா அதவிட ரொம்ப மோசமானது இதுல கெடக்கு. தோலு வெந்துரும்."

அப்போதுதான் பொன்னம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கலக்கும்போது தெறித்திருக்கிறது. சாமித் தண்ணீராயிற்றே என்று வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னாங்க, கண்ணு தெரியலங்க."

தேவி ஓடிவந்து அவள் தலையைக் குழாயடியில் பிடித்தார். இமையை விரலால் விரித்துக்கொண்டு தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரி.

ஒரு கண் பிழைத்தது. சாகும்வரை பொன்னம்மா ஒரு கண்ணால்தான் என்னை முறைத்தாள்.

அந்த டிரம் வரிசையில் நின்ற பிள்ளைகள் தலையில் கவிழ்ந்திருந்தால்?

லோரி முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "எஸ்டேட் ஆளுங்க திருடிக்கிட்டுப் போயிட்டாங்க." மாலை போட்ட எங்களைத் திருடர்கள் ஆக்கினார்.

தேவி மறுபடி வந்தார். "அவருதான் குடுத்தாருன்னு ஒருத்தர் வந்து ஆபீசுல சொன்னாப் போதும்."

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நம்ம ஆளு மிஸ். காட்டிக் குடுக்க முடியாது."

என் மனைவி யார் ஆளு? எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டியிருந்த சாரத்தோடு ஜீப்பில் ஏறினேன். ஆபீசில் நடந்ததைச் சொல்லிக் கைநாட்டு வைத்தேன்.

திரும்பி வரும்போது தேவி ஒன்று சொன்னார். "ஐயா, மஞ்சள் காரத்த மட்டும்தான் காட்டிக் குடுக்கும். மத்த விஷத்துக்கு நெறம் மாறாது. மஞ்சளாவே இருக்கேன்னு நம்பிராதீங்க."

முதலாளியின் லோரி பெர்மிட் போனது. மானம் போகவில்லை. அடுத்த திருவிழாவில் அதே ஆளுக்கு மறுபடி மாலை. எனக்கு விபூதித் தட்டைக்கூட நீட்டவில்லை.

இத்தனையும் இன்று காலை குமாரிடம் சொன்னேன்.

பொறுமையாகத்தான் கேட்டான். பிறகு டிரம்மில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கினான்.

"பாருங்க தாத்தா, மஞ்சளாத்தானே இருக்கு? இப்ப சந்தோசமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரே உதை. தண்ணீர் கோயில் வாசல் முழுக்க ஓடியது. (என் முட்டி வலியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.)

உபயக்காரர் நேரில் வரட்டும். இதில் முன்னால் என்ன இருந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை இரண்டையும் கவிழ்த்துப் போட்டு, ஒன்றின் மேல் உட்கார்ந்து, இன்னொன்றின் மேல் காலை நீட்டியிருக்கிறேன்.

கோயில் பக்கம் வருகிறவர்கள் சமாதானம் பேச வேண்டாம். ஒரு காப்பி வாங்கி வாருங்கள், போதும்.